அடுப்படியை அளந்த அம்மையார்

தாம்பரத்தில் புது வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. வீட்டுக் கடன் கிடைத்துவிடும். பத்திரப் பதிவும் முடிந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிற சமயத்தில், சமையலறை அமைத்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒரு படப் புத்தகத்துடன் வந்து உட்காருவார். எல் ஷேப்பா, யூ ஷேப்பா, பேரலலா என்று கேட்பார். கவுண்டர் எவ்வளவு உயரம், பேஸ் யூனிட் எத்தனை, வால் யூனிட் எத்தனை, டாடோ எதுவரை, ஹாப் வேண்டுமா, சிம்னி வேண்டுமா, டோ கிக் விடலாமா என்று அடுக்கிக்கொண்டே போவார். கடைசியில் காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டு, ஒர்க் டிரையாங்கிள் பிரமாதமாக வந்திருக்கிறது என்று சொல்லி முடிப்பார்.

குடும்பத் தலைவர் எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையை ஆட்டுவார். அந்தச் சமையலறையில் காலையும் மாலையும் நிற்கப்போகிற அம்மாள் கதவோரமாக நின்று, பலகையின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுப்பார்.

சேலையூரிலும் மேடவாக்கத்திலும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும், அடுக்குமாடி வீடுகள் எழும்பும் இடமெல்லாம் இதே காட்சிதான். அந்தச் சொற்கள் ஏதோ கடைக்காரர்களின் பகட்டுப் பேச்சு என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அவற்றில் முக்கியமானவற்றின் பின்னால் ஒரு பெண்மணியின் வாழ்க்கை இருக்கிறது. அவர் 12 குழந்தைகளைப் பெற்ற தாய். 46 வயதில் கணவரை இழந்தவர். ஆண்கள் மட்டுமே நடமாடிய இயந்திரத் தொழில் உலகில், பட்டம் பெற்ற மேதையாக இருந்தும் கதவடைக்கப்பட்டு, சமையலறை வழியாக உள்ளே நுழைந்தவர். அவர் பெயர் லில்லியன் மோலர் கில்பிரத்.

கூச்சம் மிகுந்த சிறுமி

லில்லியன் 1878-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லண்ட் நகரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய வம்சம். செல்வச் செழிப்புள்ள வியாபாரக் குடும்பம். வீடு நிறையக் குழந்தைகள். லில்லியன்தான் மூத்தவர். தாயாருக்கு உடல்நலம் குன்றும்போதெல்லாம் தம்பி தங்கைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.

அவர் பெரிய கூச்ச சுபாவக்காரர். ஒன்பது வயது வரையில் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலேயே பாடம் கற்றார். பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்பது தகப்பனாரின் எண்ணம். வீட்டு வேலைகளையும் விடாமல் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அரை மனதாகத்தான் அனுமதி கொடுத்தார். லில்லியன் வீட்டிலிருந்தே பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துக்குப் போய் வந்தார். 1900-ம் ஆண்டில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் மேடையேறிப் பேசினார். அந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பேசிய முதல் பெண் அவர்தான். கூச்சம் மிகுந்த சிறுமி, படிப்பின் துணையால் அவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

கொத்தனாரை மணந்தார்

1903-ம் ஆண்டில், ஐரோப்பிய யாத்திரைக்குப் புறப்பட்ட வழியில், பாஸ்டன் நகரத்தில் பிராங்க் கில்பிரத் என்பவரைச் சந்தித்தார். மறு ஆண்டு அக்டோபரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பிராங்க் கல்லூரி வாசலை மிதிக்காதவர். 17 வயதில் கொத்து வேலைக்குச் சேர்ந்தவர். முதல் நாளே அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்கு ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாக உடம்பை வளைக்கிறார். ஒரே கொத்தனார்கூட நிதானமாகச் செய்யும்போது ஒரு விதமாகவும் அவசரத்தில் வேறு விதமாகவும் செய்கிறார். இதில் எது நல்ல முறை என்று யாரும் யோசித்ததில்லை. பிராங்க் யோசித்தார். செங்கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்தில் வைக்கும்படி சாரத்தை மாற்றி அமைத்தார். கீழே குனிவது ஒழிந்தது. ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்துக்கும் குறைவாகப் போதுமென்று ஆயிற்று. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். அதுவும் முன்னைவிடக் களைப்புக் குறைவாக!

இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல் சாரத்தின் உயரம்தான் பிறகு சமையல் மேடையின் உயரமாக மாறியது.

கணவரும் மனைவியும் சேர்ந்து, மனிதர் வேலை செய்யும்போது கையும் காலும் கண்ணும் எப்படி அசைகின்றன என்று ஆராயத் தொடங்கினார்கள். சினிமாக் காமிராவைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனார்கள். தொழிலாளி வேலை செய்வதைப் படம் பிடித்து, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தின் சிறு பகுதியைக்கூட அளந்தார்கள். தேடுதல், எடுத்தல், பிடித்தல், வைத்தல் என்று கையின் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். தங்கள் குடும்பப் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு அவற்றுக்குத் தெர்ப்ளிக் என்று பெயரும் சூட்டினார்கள்.

பிராங்க் அசைவைப் பார்த்தார். லில்லியன் அசைகிற மனிதரைப் பார்த்தார். அதுதான் இருவருக்கும் உள்ள வேற்றுமை. வேகமாகச் செய்ய வைப்பது மட்டும் விஞ்ஞானம் ஆகாது. செய்கிறவருக்கு அலுப்பும் சலிப்பும் குறைய வேண்டும் என்பது லில்லியனின் கொள்கை. அதற்காகவே அவர் மனோதத்துவம் படித்தார்.

பெயரை மறைத்த புத்தகம்

படித்தது எளிதாக அல்ல. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்துகொண்டிருந்தார்கள். 1912-ம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோய் வந்து, ஐந்து வயது மகள் மேரி இறந்துபோனாள். அந்தத் துக்கத்தை லில்லியன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வரை மறக்கவும் இல்லை.

டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சியைக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம், அங்கேயே தங்கிப் படிக்கவில்லை என்ற விதியைக் காட்டி ஏற்க மறுத்தது. 1914-ம் ஆண்டில் அது புத்தகமாக வெளிவந்தபோது, ஆசிரியர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று எண்ணி, முதலெழுத்துக்களை மட்டும் போட்டு அச்சிட்டார்கள். லில்லியன் சோர்ந்துவிடவில்லை. வேறொரு ஆராய்ச்சி எழுதி, 1915-ம் ஆண்டில் பிரவுன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரயில் நிலையத்தில் வந்த முடிவு

1924-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி. குடும்பம் அப்போது நியூஜெர்சி மாநிலத்தில் மாண்ட்கிளேர் என்ற ஊரில் இருந்தது. நியூயார்க் நகரத்துக்கு ரயிலில் போய் வருகிறவர்கள் வசிக்கும் ஊர் அது. சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ, நியூயார்க்குக்கு மாண்ட்கிளேர் அப்படி என்று சொல்லலாம். பிராங்க் ரயில் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த டெலிபோனில் மனைவியுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் சாய்ந்தார். உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு வயது 55.

வீட்டில் 11 குழந்தைகள். மூத்த மகளுக்கு 18 வயது. கடைக்குட்டிக்குச் சுமார் இரண்டு வயது.

லண்டனிலும் பிராக் நகரத்திலும் நடக்கவிருந்த மாநாடுகளில் பேசுவதற்காகப் பிராங்க் கப்பலேற இருந்த சமயம் அது. லில்லியன் குழந்தைகளைக் கூட்டி வைத்து யோசித்தார். சில நாட்களில் கணவருக்குப் பதிலாகத் தாமே கப்பலேறினார். கணவர் நிற்க வேண்டிய மேடையில் நின்று பேசிவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்தபோது வேறோர் அதிர்ச்சி காத்திருந்தது. கில்பிரத் தம்பதியின் யோசனைகளைக் கேட்டுப் பணம் கொடுத்துவந்த கம்பெனிகள் பல, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டன. அத்தனை ஆண்டுகள் சரிபாதி வேலையைச் செய்தவர் லில்லியன். டாக்டர் பட்டம் பெற்றவரும் அவரே. ஆனாலும் தொழிற்சாலைக்குள் வந்து ஆண்களுக்கு ஒரு பெண் யோசனை சொல்வதா என்று அவர்கள் நினைத்தார்கள்.

11 குழந்தைகளுக்கும் சோறு போட வேண்டும். அனைவரையும் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். லில்லியன் தம் வீட்டிலேயே வகுப்பு நடத்தினார். கடைகளுக்கு ஆலோசனை சொன்னார். அப்போதுதான் ஓர் உண்மை அவருக்குத் தென்பட்டது. இரும்புத் தொழிலிலும் கட்டிடத் தொழிலிலும் பெண்ணின் பேச்சை ஏற்காதவர்கள், சமையலறையைப் பற்றிப் பெண் பேசினால் காது கொடுப்பார்கள். பூட்டாமல் இருந்த ஒரே கதவு அடுப்படிக் கதவுதான். அதன் வழியாகத் தம் விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டு அவர் நுழைந்தார். 1927-ம் ஆண்டில் இல்லத்தரசியின் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

281 அடி, 45 அடி ஆயிற்று

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சமையல் எரிவாயு வழங்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் மேரி டில்லன் என்ற பெண்மணி. கம்பெனிக்கு அடுப்பு விற்க வேண்டும். அதற்கு ஒரு மாதிரிச் சமையலறை தேவை. அந்தப் பொறுப்பு லில்லியனிடம் வந்தது. 1929-ம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்த பெண்கள் பொருட்காட்சியில் அந்தச் சமையலறை வைக்கப்பட்டது.

அதற்கு முன் அமெரிக்கச் சமையலறை எப்படி இருந்தது? பெரிய அறை. அடுப்பு ஒரு மூலை, தண்ணீர்த் தொட்டி எதிர் மூலை, சாமான் அலமாரி மூன்றாவது மூலை, நடுவில் ஒரு மேஜை. சமைக்கிற பெண் நாளெல்லாம் நடந்தாள்.

லில்லியன் அந்த நடையை எண்ணினார். அடுப்பையும் மேடையையும் பக்கம் பக்கமாக வைத்தார். உணவுப் பொருள் மேடைக்கு மேலே. பாத்திரம் மேடைக்குக் கீழே. குளிர்பெட்டி ஓரடி தூரத்தில். பக்கத்தில் சக்கரம் வைத்த சிறு மேஜை. வேலை நடக்கும்போது அது கூடுதல் மேடை. முடிந்ததும் எச்சில் பாத்திரங்களை ஏற்றித் தொட்டிக்கு உருட்டிக்கொண்டு போகலாம். இடத்தை விட்டு அதிகம் நகராமல், சுற்றி வந்தாற்போல ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போகும்படியான அமைப்பு.

பிறகு ஒரு சோதனை நடந்தது. பழைய பாணிச் சமையலறையில் ஒரு ஸ்ட்ராபெரி கேக் செய்தார்கள். அதே கேக்கை லில்லியன் வகுத்த முறையில் அமைந்த சமையலறையிலும் செய்தார்கள். பழைய இடத்தில் 97 வேலைகள். புதிய இடத்தில் 64. பழைய இடத்தில் 281 காலடி. புதிய இடத்தில் 45. ஒரே ஒரு கேக்குக்கு 236 அடி மிச்சம்!

கடைக்காரர் போடுகிற முக்கோணத்தின் மூலக்கதை இதுதான். அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையே சமைக்கிறவர் ஓயாமல் நடக்கிறார். அந்த மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் வருவது ஒர்க் டிரையாங்கிள். அதை ஓர் இலக்கணமாக்கியவர்கள் 1940-களில் இலினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் சிறு வீடுகளை ஆராய்ந்தவர்கள். ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 26 அடியைத் தாண்டலாகாது என்று கணக்குச் சொன்னார்கள். அதற்கு வழி போட்டது லில்லியனின் சமையலறை.

அந்தக் காலத்தில் இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உதித்தது என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டிடக் கலைஞர் 1926-ம் ஆண்டில் ஒரு சிறு சமையலறையை வகுத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அதைப்போல ஏறக்குறைய 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. இன்று பேரலல் என்று கடைக்காரர் சொல்லும் இரு பக்க மேடை அமைப்புக்கு அது முன்னோடி. எல் ஷேப் என்றால் இரண்டு சுவரை ஒட்டிய மேடை; யூ ஷேப் என்றால் மூன்று சுவரை ஒட்டியது. எழுத்து எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நிற்கிறவர் எத்தனை அடி நடக்க வேண்டும்?

முழங்கையே அளவுகோல்

அடுத்தபடியாக லில்லியன் உயரத்தைப் பிடித்துக்கொண்டார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காக 4,000-க்கு மேற்பட்ட பெண்களை விசாரித்து, அடுப்பும் தொட்டியும் மேடையும் எந்த உயரத்தில் இருந்தால் அவர்களுக்கு வசதி என்று ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு எளிமையானது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே உயரம் கிடையாது. யார் நின்று வேலை செய்கிறாரோ அவருடைய உடம்புதான் அளவுகோல். கொத்தனாரின் சாரத்தைப்போலவே, சமையல் மேடையும் ஆளுக்குத் தக்கபடி அமைய வேண்டும்.

வியாபாரிகளுக்கு இது ஒத்துவரவில்லை. ஆளுக்கு ஓர் உயரம் என்றால் ஆலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்து குவிப்பது எப்படி? ஆகவே 36 அங்குலம் என்ற ஒரே உயரம் அமெரிக்காவில் நிலைபெற்றுவிட்டது. அம்மையாரின் முக்கோணத்தை எடுத்துக்கொண்டவர்கள் முழங்கையை விட்டுவிட்டார்கள்.

காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டி, குளிர்பெட்டிக் கதவின் உட்புறத்தில் முட்டைக்கும் வெண்ணெய்க்குமான தட்டு ஆகியவையும் லில்லியனின் யோசனைகள் என்று சொல்லப்படுகின்றன. குனியாமல், கையைக் கழுவாமல், தேடாமல் காரியம் ஆக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தின் கிளைகள்தான் இவை.

சமைக்கத் தெரியாத சமையலறை நிபுணர்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்துக்கெல்லாம் அடுப்படியைத் திருத்திக் கொடுத்த இந்த அம்மையாருக்குச் சமையலில் தேர்ச்சி கிடையாது. மாண்ட்கிளேர் வீட்டில் அடுப்படியை ஆண்டவர் ஒரு பழைய வேலையாள். அந்தச் சமையலறையும் பழைய மாதிரிதான்.

இதைச் சொல்லி லில்லியனைக் குறை கூறுகிறவர்கள் உண்டு. ஆனால் அவருடைய பலமே அங்கேதான் இருந்தது. தமக்கு எல்லாம் தெரியும் என்று அவர் வரவில்லை. தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார், அவர்கள் கையைப் பார்த்தார், காலடியை எண்ணினார்.

1935-ம் ஆண்டில் பர்டியூ பல்கலைக் கழகத்தின் பொறியியல் பிரிவில் அவர் பேராசிரியரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். எந்தத் தொழிற்சாலைகள் கதவடைத்தனவோ அவற்றை நடத்தப்போகும் இளைஞர்கள் அவர் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, அவர் மனத்துக்கு மிகவும் பிடித்த வேலையில் இறங்கினார். இருதய நோயால் பீடிக்கப்பட்ட பெண்களும், கை கால் முடங்கியவர்களும் தாங்களே சமைத்துக்கொள்ளும்படியான சமையலறைகளை வகுக்க உதவினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டக்கூடிய மேடை, ஒரு கையால் இழுக்கக்கூடிய அறை, பளுவைத் தூக்காமல் நகர்த்தக்கூடிய அமைப்பு. எட்டாத அலமாரி ஓர் இளம் பெண்ணுக்குத் தொல்லை. நோயாளிக்கு அதுவே உயிராபத்து. வசதி என்று பேசப்பட்டது இங்கே வாழ்வு என்று ஆயிற்று.

மகள் ஒருவரும் மகன் ஒருவரும் சேர்ந்து, தங்கள் குடும்பக் கதையை வேடிக்கையாக எழுதி 1948-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். 1950-ம் ஆண்டில் அது சினிமாவாகவும் வந்து உலகெங்கும் ஓடியது. அதனால் லில்லியனின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஆனால் 12 குழந்தைகளின் தாய் என்றுதான் தெரிந்தது.

புகை போன வழி

நம் நாட்டிலும் இந்தக் கவலை சிலருக்கு இருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் நிபுணர் எஸ். பி. ராஜு, புகையில்லாத அடுப்பு ஒன்றை வகுத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1953-ம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. விறகடுப்பின் புகையில் கண் கலங்கிய தாய்மாருக்காக, மண்ணாலேயே அடுப்பும் புகைபோக்கியும் கட்டும் முறை அது. இன்று கடைகளில் சிம்னி என்று விற்கப்படுவது, மின்விசிறியால் ஆவியையும் எண்ணெய்ப் புகையையும் உறிஞ்சும் பெட்டி. பெயர் பழைய புகைபோக்கியின் பெயர்தான். அடுப்புக்கு மேலே 24 முதல் 30 அங்குல உயரத்தில் அது இருப்பது வழக்கம்.

தமிழ்நாட்டு அடுப்படி நெடுங்காலம் தரையில் இருந்தது. அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே உட்கார்ந்து செய்யும் வேலைக்கானவை. எரிவாயு அடுப்பு வந்த பிறகே சமையல் நின்றுகொண்டு செய்யும் வேலையாயிற்று. ஆகவே மேடை உயரம் என்பது நம் பாட்டிமார் அறியாத பிரச்னை. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடிதான். அமெரிக்காவின் 36 அங்குல மேடையில் அவர் சாதம் கிளறினால் தோள் வலிக்கும். இங்கே பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம் வரை வைக்கிறார்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே எங்கு வருகிறதோ, அதுவே அவருக்குரிய மேடை.

மற்றச் சொற்களும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும். பேஸ் யூனிட் என்பது மேடைக்குக் கீழ் அலமாரி; கனமான பாத்திரத்துக்கு அதுவே இடம். வால் யூனிட் என்பது சுவரில் மாட்டும் மேல் அலமாரி. மேடைக்கும் அதற்கும் 18 முதல் 24 அங்குலம் இடைவெளி விடுவார்கள். அதற்கும் மேலே லாப்ட் என்று சொல்வது நம் பழைய பரண். டாடோ என்பது எண்ணெயும் தண்ணீரும் தெறிக்கும் சுவரில் பதிக்கும் ஓடு. ஹாப் என்பது மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கும் அடுப்பு. அடுப்பின் வாய் மேடைக்கு மேலே அதிகம் எழும்பாததால், பாத்திரம் சில அங்குலம் தாழ்ந்து வரும். டோ கிக் என்பது கீழ் அலமாரியின் அடியில் விடும் சிறு பள்ளம். கால் விரல் உள்ளே போக இடமிருந்தால்தான் மேடையை ஒட்டி நிமிர்ந்து நிற்க முடியும். அது இல்லாத மேடையில் நிற்கிறவர் முன்னால் சாய்ந்தே நிற்பார். மாலையில் இடுப்பு பேசும்.

சமையலறையின் பரப்பு குறைந்தது 5 சதுர மீட்டரும், அகலம் குறைந்தது 1.8 மீட்டரும் இருக்க வேண்டும் என்று, சாப்பிடும் இடம் தனியாக உள்ள வீடுகளுக்கு இந்தியக் கட்டிட விதித் தொகுப்பு கூறுகிறது. சிறிய அறைதான். ஆனால் சிறிய அறை குறையல்ல என்பதை நம் அஞ்சறைப் பெட்டியே காட்டும். கடுகும் மஞ்சளும் சீரகமும் ஒரே கையெட்டும் தூரத்தில்! ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் அடுக்கிவிட்டுத் தேடுகிறவர்களைவிட, அதைச் செய்த தச்சருக்கு லில்லியனின் சாஸ்திரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

தாம்பரத்தின் காலை நேரம்

லில்லியனின் சமையலறை நியூயார்க்கில் காட்சிக்கு வந்த இரண்டாவது ஆண்டில், அதாவது 1931-ல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பெண்கள் ஏராளம். இட்லி ஊற்றி, சாம்பார் கொதிக்கவிட்டு, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வர வேண்டும். அவர்களுக்கு 236 அடி என்பது வெறும் புள்ளிவிவரம் அல்ல. அது ஒரு ரயில்.

புறநகர் வீடுகளில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி மேடையில் ஏற்றுகிறார்களே, அந்தப் பளுவுக்கு எந்தப் படப் புத்தகத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை. மாவு அரைக்கும் கிரைண்டரைக் கீழ் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, வாரந்தோறும் இழுத்து வெளியே வைக்கிறார்கள். லில்லியன் இருந்தால் முதலில் இவற்றைத்தான் பார்த்திருப்பார். பலகையின் பளபளப்பைப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் முறையைப் பின்பற்ற நிபுணர் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு அம்மாள் சமைக்கும்போது மற்றொருவர் ஓரமாக உட்கார்ந்து, காலடியை எண்ணட்டும். எத்தனை தடவை குனிகிறார், எத்தனை தடவை எம்பி எடுக்கிறார் என்று ஒரு தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்தால், படப் புத்தகத்தைவிட அது நல்ல வரைபடம்.

லில்லியன் அம்மையார் 80 வயதைத் தாண்டியும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1965-ம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியல் தேசியக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். 1966-ம் ஆண்டில் பொறியியல் நிபுணர்களுக்குரிய ஹூவர் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1972-ம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ந் தேதி, 93 வயதில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரத்தில் காலமானார். 1984-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அவர் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது.

அவர் கண்டுபிடித்த அளவுகள் காலத்தோடு மாறலாம். அளக்கும் முறை மாறவில்லை. அடுத்த முறை கடைக்காரர் அளவு நாடாவுடன் வரும்போது, வீட்டுத் தலைவர் ஒன்று செய்யலாம். தாம் எழுந்துகொண்டு, கதவோரம் நிற்கும் அம்மாளை நடுவில் நிற்கச் சொல்லலாம். நாடாவின் ஒரு நுனி தரையிலும், மறு நுனி அவருடைய முழங்கையிலும் இருக்கட்டும். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.